கிணறு அவர்களுடையது, ரிக் நம்முடையது: சிறு எண்ணெய்ச் சேவைப் பங்குகளில் அரசியலைக் கணக்குப் போடுவது எப்படி?

2010 மே 13 அன்று வெனிசுவேலாக் கடலில் ‘அபான் பேர்ல்’ என்ற மிதவை ரிக் (கிணறு தோண்டும் எந்திர மேடை) மூழ்கியது. அதில் இருந்த 95 பேரும் உயிர் தப்பினார்கள். இதை அந்நாட்டு அதிபர் ஹ்யூகோ சாவேஸே ட்விட்டரில் அறிவித்தார். ரிக் சென்னை எழும்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் அபான் ஆஃப்ஷோர் குழுமத்துடையது. நடந்தது விபத்துதான், அரசியல் இல்லை. ஆனாலும் அந்தப் பங்கை வைத்திருந்த பலர், தங்கள் பணத்தில் ஒரு பகுதி வெனிசுவேலா அரசை நம்பி மிதந்துகொண்டிருந்தது என்பதை அன்றுதான் கவனித்திருப்பார்கள்.

எண்ணெய்ச் சேவை நிறுவனம் என்றால் எண்ணெய்க்குச் சொந்தக்காரர் இல்லை. கிணறு தோண்ட ரிக் வாடகைக்கு விடுபவர், குழாய்க்குச் சிமென்ட் போடுபவர், ரிக்குக்கு ஆளும் சாமானும் கொண்டுபோகும் படகுக்காரர், கேஸ் கம்ப்ரஸர் ஓட்டுபவர் எல்லோரும் இதில் வருவார்கள். கிணற்றுக்காரருக்கு வேலை செய்து கொடுத்து, பில் போட்டு, பணத்துக்குக் காத்திருப்பவர்கள். பெரும்பாலான நாடுகளில் கிணற்றுக்காரர் அரசு எண்ணெய் நிறுவனம். கட்டட வேலையில் சப்-கான்ட்ராக்ட் எடுத்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகப் புரியும்.

புதிதாக வருகிறவர்கள் அரசியல் ஆபத்து என்றால் ராணுவம் வந்து கேட்டைப் பூட்டுவது என்று நினைக்கிறார்கள். அதுவும் நடக்கும், ஆனால் கடைசியாக நடக்கும். முதலில் பில் பாஸாகாமல் நிற்கும். நான் இந்தப் பங்குகளில் பணம் விட்டுத்தான் இதைக் கற்றேன்.

முதலில் இரும்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

நிறுவனம் எந்தச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கிறது, எங்கே பதிவானது, எங்கே வேலை செய்கிறது என்ற மூன்றும் மூன்று நாடுகளாக இருக்கலாம். கேட் ஆயில் என்றொரு நிறுவனம் இருந்தது, பிற்பாடு பெட்ரோ வெல்ட் என்று பெயர் மாறியது. தலைமையகம் வியன்னா, பங்கு விற்றது ஃபிராங்பர்ட்டில், கிணற்று வேலை நடந்தது ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும். புரோக்கர் ஆப்பில் பார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் ஐரோப்பிய நாட்டுக் கொடிதான் தெரியும்.

ஆகவே ஆண்டறிக்கையை இறக்கி, முன்பக்கத்து வண்ணப் படங்களைத் தாண்டி, பின்னால் உள்ள கணக்குக் குறிப்புகளுக்குப் போங்கள். அங்கே இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வருமானம், எந்த நாட்டில் எவ்வளவு சொத்து. இன்னொன்று, மொத்த வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்கும் வாடிக்கையாளர் யாராவது உண்டா என்பது. அமெரிக்கக் கணக்கு முறையிலும் சரி, பன்னாட்டு முறையிலும் சரி, இதைச் சொல்லியே ஆக வேண்டும். பெயரைச் சொல்லாமல் ‘வாடிக்கையாளர் அ’ என்று போடுவார்கள். ஒரே நாடு, ஒரே ‘அ’, வருமானத்தில் பாதி என்று இருந்தால் நீங்கள் வாங்கப்போவது அந்த ‘அ’ கொடுத்த கடன் பத்திரத்தைப் போன்ற ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கியை நாள் கணக்கில் மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். வர வேண்டிய பாக்கியை ஆண்டு வருமானத்தால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். பில் போட்டதிலிருந்து பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். வருமானம் 20 கோடி டாலர், பாக்கி 5 கோடி. 91 நாள். அடுத்த ஆண்டு வருமானம் 22 கோடி ஆகிறது, பாக்கி 9 கோடி ஆகிறது. 149 நாள். தலைவர் கடிதத்தில் ‘வருமானம் 10 சதவீத வளர்ச்சி’ என்று இருக்கும். பழையபடி 91 நாளில் பணம் வந்திருந்தால் பாக்கி ஐந்தரைக் கோடியில் நின்றிருக்கும். மீதி மூன்றரைக் கோடி எங்கோ ஒரு அமைச்சகத்தின் மேஜையில் கிடக்கிறது. அந்த ஆண்டு லாபம் 2 கோடி என்று காட்டியிருந்தால் அது முழுக்கவும் காகிதத்தில்தான் இருக்கிறது.

பன்னாட்டு முறையில் கணக்கு எழுதும் நிறுவனங்கள் பாக்கியை வயதுவாரியாகவும் பிரித்துக் காட்டும்: கெடு தாண்டாதது, 30 நாள் தாண்டியது, 90 நாளுக்கு மேல். கடைசிக் கட்டம் இரண்டு ஆண்டு தொடர்ந்து பருத்தால் எனக்கு அது போதும், பங்கைத் தொடுவதில்லை. ‘வாடிக்கையாளருடன் ஆக்கபூர்வமான பேச்சு நடக்கிறது’ என்ற வாக்கியத்தைப் பார்த்தாலும் அப்படித்தான்.

பாக்கிக்குப் பதிலாகப் பத்திரம் கொடுக்கும் வித்தையும் உண்டு. அமெரிக்காவின் பெரிய சேவை நிறுவனமான ஹாலிபர்ட்டன் 2016இல் வெனிசுவேலா அரசு எண்ணெய் நிறுவனமான பிடிவிஎஸ்ஏ வைத்திருந்த 20 கோடி டாலர் பாக்கியை வட்டி தரும் கடன் பத்திரமாக மாற்றிக்கொண்டது. மாற்றிய கையோடு 14.8 கோடி டாலரை நஷ்டம் எழுத வேண்டி வந்தது. 2018 முதல் காலாண்டில் அந்த நாட்டில் மிச்சம் இருந்த 31.2 கோடியையும் தள்ளுபடி செய்தது. இன்னொரு பெரிய சேவை நிறுவனமான ஷ்லம்பர்ஜே 2017 கடைசிக் காலாண்டில் அங்கே தள்ளுபடி செய்தது 93.8 கோடி டாலர். அவை யானைகள், தாங்கிக்கொண்டன. சிறு நிறுவனமாக இருந்தால் சம்பளமே நின்றிருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு தோண்டும் நிறுவனத்தின் பங்கை வாங்கியிருந்தேன். பெயர் வேண்டாம். தம்பி முறை ஆகும் ஒருவர் அவர்கள் ரிக்கில் வேலை பார்த்தார். 28 நாள் வேலை, 28 நாள் விடுப்பு. ஊருக்கு வந்திருந்தபோது சாதாரணமாகச் சொன்னார்: “அண்ணே, மெஸ்ஸுல ஆட்டுக்கறி நின்னுபோச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் கோழி, மத்த நாள் பருப்புதான். ஆள் மாத்துற ஹெலிகாப்டரும் லேட்டாத்தான் வருது.” நான் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போய்விட்டேன். நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. பாக்கி நாள் எழுபதிலிருந்து நூற்று அறுபதுக்குப் போயிருந்தது. வாடிக்கையாளர் பணம் தராதபோது நிறுவனம் முதலில் கை வைத்தது சாப்பாட்டுக் கான்ட்ராக்டில். பங்கு விலை அதற்குள் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. கறியை வைத்துப் பங்கை விற்கச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவே முந்தைய இரண்டு காலாண்டுக் கணக்கைத் திறந்து வகுத்துப் பார்த்திருக்கலாம். எண்கள் அங்கேயேதான் இருந்தன.

விலை சரியும்போது அதிகம் பயப்படுங்கள்

இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். எண்ணெய் விலை ஏறும்போது அரசுகளுக்குப் பேராசை வரும், அப்போதுதான் பறிப்பார்கள் என்பது பொதுவான எண்ணம். எண்ணெய் வயல் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. வெனிசுவேலா 2007இல் ஓரினோகோ பகுதித் திட்டங்களில் எக்ஸான் மொபிலையும் கொனோகோஃபிலிப்ஸையும் வெளியேற வைத்தது விலை ஏறுமுகத்தில் இருந்த காலம்.

சேவை நிறுவனங்களுக்கு நேர்ந்தது வேறு. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்ட எண்ணெய், டிசம்பரில் 30களுக்கு இறங்கியது. பிடிவிஎஸ்ஏயிடம் பணம் இல்லை, பில்கள் நின்றன. நிறுவனங்கள் வேலையை நிறுத்துவோம் என்றன. 2009 மே 7 அன்று, கிணற்று வேலை சார்ந்த சேவைகளும் சொத்துகளும் அரசுக்கே என்று ஒரு சட்டம் வந்தது. மறுநாளே மரகைபோ ஏரியில் படகுகளையும் படகுத் துறைகளையும் கைப்பற்ற ஆரம்பித்தார்கள். இழப்பீடு கணக்குப் புத்தக மதிப்பில்தான் என்று அந்தச் சட்டமே சொன்னது. கடன்காரனிடம் பணம் கேட்கப் போனால், கடையையே எழுதிக் கொடு என்றானாம், அந்த மாதிரி.

ஹெல்மரிக் அண்ட் பெய்ன் கதையும் இதே வரிசையில் போகிறது. ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து நிறுவனம். 1954 முதல் வெனிசுவேலாவில் கிணறு தோண்டியது. 2009 தொடக்கத்தில் பாக்கி 10 கோடி டாலரை ஒட்டி நின்றது. பணம் வராமல் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க மாட்டோம் என்று முடிவெடுத்து, ஒப்பந்தம் முடிய முடிய ரிக்குகளைப் பிரித்து யார்டில் அடுக்கியது. 2010 ஜூனில் தேசியக் காவல் படை யார்டை முற்றுகையிட்டது. 11 ரிக்குகள் போயின. அரசியல் இடர் ஆலோசகர்கள் விற்கும் வண்ண வரைபடங்களைவிட அந்த ஒன்றரை வருடக் கணக்கறிக்கைகள் தெளிவாகச் சொல்லியிருந்தன.

ஒரு துணைக் குறிப்பு: அந்தப் பங்கு இதனால் அழிந்துவிடவில்லை. அமெரிக்க மண்ணில் மட்டும் அவர்களுக்கு 200க்கும் மேற்பட்ட ரிக்குகள் இருந்தன. மொத்தமே 13 ரிக் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இதே அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் நீங்கள் போட வேண்டிய கணக்கு.

தூக்கிக்கொண்டு ஓட முடியுமா?

தரை ரிக்கைப் பிரித்து லாரிகளில் ஏற்றித் துறைமுகம் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சுங்கத் துறை கையெழுத்து வேண்டும். பெரும்பாலும் ரிக்குகள் தற்காலிக இறக்குமதி அனுமதியில்தான் நாட்டுக்குள் வந்திருக்கும். திரும்ப எடுத்துப்போகும்போது பழைய வரி பாக்கி என்று ஒரு காகிதம் நீட்டினால் முடிந்தது கதை.

படகு மிதக்கும்தானே, ஓடிவிடலாமே என்று தோன்றும். டைட்வாட்டர் என்ற அமெரிக்கப் படகு நிறுவனத்தின் படகுகள் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரியில் இருந்தன. ஏரியிலிருந்து கடலுக்குப் போக ஒரே வாய்க்கால். 11 படகுகள் அங்கேயும், பிறகு 4 பாரியா வளைகுடாவிலும் மாட்டின. வேலை நடக்கும் இடத்தை வரைபடத்தில் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. மென்பொருள், கிணற்று அளவை, ஆலோசனை போன்ற வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆட்கள் விமானம் ஏறிவிடலாம். பாக்கி மட்டும் அங்கேயே தங்கும்.

பணம் வந்தாலும் வெளியே வருமா?

பில் பாஸாகி, உள்ளூர் வங்கிக் கணக்கில் பணமும் வந்துவிட்டது. ஆனால் அது உள்ளூர் நாணயம். அங்கோலாவில் 2014க்குப் பின் எண்ணெய் விலை சரிந்தபோது டாலரே கிடைக்கவில்லை, சேவை நிறுவனங்கள் குவான்சாவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தன. அர்ஜென்டினா 2023 டிசம்பரில் ஒரே நாளில் டாலருக்கு 366 பெசோவாக இருந்த அரசு விலையை 800 ஆக்கியது. ஆண்டறிக்கையில் ‘கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ரொக்கம்’ அல்லது ‘நாணயக் கட்டுப்பாடு உள்ள நாடுகளில் வைத்துள்ள ரொக்கம்’ என்று தேடுங்கள். கையிருப்பு 4 கோடி டாலர் என்று முதல் பக்கத்தில் இருந்தால், அதில் எவ்வளவு நிஜமாகவே டாலர் என்று அங்கேதான் தெரியும். ஒப்பந்தத்தில் எத்தனை சதவீதம் டாலரில், எத்தனை உள்ளூர்க் காசில் என்பதையும் சில நிறுவனங்கள் சொல்லும். சொல்லாவிட்டால் முதலீட்டாளர் தொடர்பு முகவரிக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் நிதி இயக்குநரே பதில் எழுதுவார், அது ஒரு வசதி.

வழக்குப் போட்டு வாங்கிவிடலாம் என்பவர்களுக்கு

வாங்கலாம், உங்களுக்குப் பொறுமை இருந்தால். டைட்வாட்டர் தன் வெனிசுவேலாச் சொத்தை ஒரு பார்படோஸ் நிறுவனத்தின் வழியாக வைத்திருந்தது. பார்படோஸுக்கும் வெனிசுவேலாவுக்கும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்ததால் உலக வங்கிக் குழுமத்தின் நடுவர் மையத்துக்குப் போக முடிந்தது. 2009இல் போன படகுகளுக்கு 2015இல் 4.64 கோடி டாலர் என்று தீர்ப்பு. 2016இல் அதிலும் ஒரு கோடியைக் குறைத்தார்கள். தீர்ப்பு என்பது காகிதம், வசூல் தனிக் கதை.

ஹெல்மரிக்குக்கு அந்த வழியும் இல்லை. அமெரிக்காவுக்கும் வெனிசுவேலாவுக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாது. அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏழு வருடம் கழித்து அங்கே முடிவானது, வெளிநாட்டு அரசை இங்கே விசாரிக்க எந்த அளவு ஆதாரம் வேண்டும் என்ற ஆரம்பக் கேள்வி மட்டுமே. அதுவும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை.

நல்லபடியாக முடிந்ததும் உண்டு. எக்ஸ்டெரான் என்ற கேஸ் கம்ப்ரஸர் நிறுவனம் வெனிசுவேலாவில் பறிபோன கம்ப்ரஸர்களுக்காக 2012இல் பேசி முடித்து சுமார் 44 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது, தவணையில். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: இடையில் உள்ள நிறுவனம் எந்த நாட்டில் பதிவானது, அந்த நாட்டுக்கும் வேலை நடக்கும் நாட்டுக்கும் முதலீட்டு ஒப்பந்தம் உண்டா. ஐநா வர்த்தக அமைப்பின் தளத்தில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வழக்கில் வரப்போகும் பணத்தை மட்டும் பங்கின் மதிப்பில் சேர்க்காதீர்கள். வந்தால் போனஸ்.

அரசியல் வீட்டுப் பக்கமிருந்தும் வரும்

பெட்ரோஃபேக் லண்டன் சந்தையில் இருந்த நிறுவனம். வேலை பெரும்பாலும் வளைகுடாவில். அதன் மேல் கை வைத்தது அரபு அரசு எதுவும் இல்லை, பிரிட்டனின் தீவிர மோசடி விசாரணை அலுவலகம். 2017 மே மாதம் லஞ்ச விசாரணை அறிவிக்கப்பட்டதும் சில வாரங்களில் பங்கு பாதியாகச் சரிந்தது. 2021இல் ஈராக், சவூதி, அமீரக ஒப்பந்தங்களுக்காக லஞ்சத்தைத் தடுக்கத் தவறியதாக நிறுவனம் ஒப்புக்கொண்டு சுமார் 7.7 கோடி பவுண்டு கட்டியது. 2025 அக்டோபரில் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. ஆகவே உள்ளூர்ப் பங்காளி யார் என்று பாருங்கள். கானா போன்ற நாடுகளில் உள்ளூர்ப் பங்காளிக்குக் குறைந்தது 10 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அதில் தப்பில்லை. அந்தப் பங்காளி முன்னாள் அமைச்சரின் மைத்துனராக இருந்து, வேறு எந்தத் தொழிலும் செய்ததில்லை என்றால் அங்கே நிற்க வேண்டும்.

பொருளாதாரத் தடையும் வீட்டுப் பக்கத்து ஆபத்துதான். ரஷ்யாவை விட்டு வெளியேறிய ஹாலிபர்ட்டனும் பேக்கர் ஹியூஸும் 2022இல் அங்கிருந்த வியாபாரத்தை உள்ளூர் மேலாளர்களிடமே விற்றுவிட்டு வந்தன. அதே ஆண்டு மார்ச் 3 அன்று லண்டன் சந்தை ரஷ்ய நிறுவனங்களின் பற்றுச்சீட்டுகளில் (பங்குக்குப் பதிலாக வெளிநாட்டுச் சந்தையில் விற்கப்படும் சான்றுகள்) வர்த்தகத்தை நிறுத்தியது. வைத்திருந்தவர்கள் விற்கக்கூட முடியாமல் உட்கார்ந்தார்கள்.

இதற்கு முன்னோட்டம் 2015இலேயே நடந்தது. ரஷ்யாவின் தோண்டும் நிறுவனமான யூரேசியா ட்ரில்லிங்கில் 45.65 சதவீதத்தைப் பங்குக்கு 22 டாலர் விலையில் வாங்குவதாக ஷ்லம்பர்ஜே ஜனவரியில் அறிவித்தது. ரஷ்ய அரசு அனுமதியைத் தள்ளிக்கொண்டே போனது. மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. இலையுதிர் காலத்தில் ஷ்லம்பர்ஜே விலகியது. சிறு பங்குதாரர்கள் கடைசியில் நிர்வாகத் தரப்பிடமிருந்து வாங்கிக்கொண்டு வெளியேறியது அதில் ஏறக்குறையப் பாதி விலை. பறிமுதல் இல்லை, தடை இல்லை, ஒரு கோப்பு நகரவில்லை, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு வாங்குவது?

இத்தனையும் பார்த்த பிறகும் வாங்கத் தோன்றினால் (எனக்கு இன்னும் தோன்றுகிறது, இந்தப் பங்குகள் மலிவாகக் கிடைப்பதே இந்தப் பயத்தால்தான்) ஒரு நாட்டை முழுக்கக் கழித்துவிட்டு மதிப்புப் போடுங்கள். வெனிசுவேலாவோ நைஜீரியாவோ, அங்கே உள்ள ரிக், பாக்கி, ரொக்கம் எல்லாம் பூஜ்யம். மிச்சம் இருப்பது கடனைக் கட்டிவிட்டு நிற்குமா? நின்றால் வாங்கலாம். நிற்காது என்றால் அது லாட்டரிச் சீட்டு, அந்த அளவு பணத்துக்கு மட்டும். என் வழக்கம், ஒரு நிறுவனத்துக்கு மொத்த முதலீட்டில் 2 சதவீதம். சிறு பங்குகளில் தினசரி வர்த்தகமே சில ஆயிரம் பங்குகள்தான் இருக்கும், ஓட நினைக்கிற நாளில் வாசல் குறுகலாக இருக்கும்.

இந்தியாவிலிருந்து போடுகிறவர்களுக்கு நடைமுறை: ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்காக அனுப்புவது ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் வரி முன்கூட்டிப் பிடிப்பார்கள், பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப மறக்காதீர்கள். பங்கு பூஜ்யமாகிவிட்டாலும் கையில் இருக்கும்வரை அதில் எழுத வேண்டும்.

வாங்கிய பிறகு ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு ஒவ்வொரு காலாண்டும் பாக்கி நாளை எழுதி வையுங்கள். நான் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். 91, 96, 93 என்று போனால் நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம். 91, 110, 128 என்று ஏறினால் நிதி இயக்குநருக்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டு, பதில் வரும் முன்பே பாதியை விற்றுவிடுங்கள். மீதிப் பாதியை, ‘ஆக்கபூர்வமான பேச்சு’ என்று பதில் வந்ததும்.